கொச்சுராணி வேலைக்குச் சேர்ந்த நாள்

சரசம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். கொச்சுராணி திரும்பவே இல்லை. ஜன்னலோரம் தனக்குக் காட்டிய நாற்காலியின் நுனியில், முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் மேசை ஷிஜு, "காது கேக்காதோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. திடுக்கிட்டு எழுந்து நின்றாள்.

"என்னையா கூப்பிட்டீங்க, சேச்சி?"

"இங்க வேற யாரு கொச்சுராணி? நானா?" சரசம்மா சிரித்தாள். "உக்காரு மோளே. இதுக்கெல்லாம் எழுந்து நிப்பாங்களா? பால் சாயாவா, பால் விடாத கட்டனான்னு தான் கேட்டேன்."

எது இருக்கிறதோ அது போதும் என்றாள் கொச்சுராணி. இரண்டுமே கீழே பேக்கரியிலிருந்து வரவேண்டியது தான், எது வேண்டும் என்று சொன்னால் போதும் என்று சரசம்மா விளக்கினாள். எது பிடிக்கும் என்று கொச்சுராணியிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியில் சரசம்மாவே அவளுக்கும் பால் சாயா சொல்லி அனுப்பினாள்.

பெயருக்குத் திரும்பாததற்கு அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கொச்சுராணி தான். ஆனால் பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, முக்காடு வாங்கிய நாளில் அவளுக்கு மர்செலீனா என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பெற்ற தாய்கூட அவளை "சிஸ்டரே" என்று தான் கூப்பிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரில் வாழ்ந்துவிட்டு, மடத்தை விட்டு வெளியே வந்து ஒரு வருஷமாகியிருந்தது. அலுவலகத்தில் இது முதலாளி குரியாச்சனுக்கு மட்டும் தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்பது தான் வேலை கொடுக்கும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

தொடுபுழை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது குரியாச்சனின் அலுவலகம். வண்டிகளுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுப்பது, விபத்து நடந்தால் இழப்பீடு வாங்கித் தருவது, இது தான் தொழில். மலைக்கு ஏறும் ஜீப்புகள், மரம் ஏற்றும் லாரிகள் எல்லாம் உண்டு என்றாலும், பெரிய வாடிக்கை பள்ளிக்கூட பஸ்கள். அவற்றில் பாதிக்கு மேல் மடங்களும் தேவாலயப் பங்குகளும் நடத்துகிற பள்ளிக்கூடங்களுடையவை.

குரியாச்சன் அவளுடைய அண்ணனோடு படித்தவர். மனசில் ஈரமுள்ள ஆள். ஆனால் பயந்த சுபாவம்.

"கொச்சே, எனக்கு ஒண்ணுமில்ல" என்று முந்தின வாரம் சொல்லியிருந்தார். "ஆனா மடத்து மதில் சாடி ஓடிவந்தவளைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கான்னு எவனாவது கிளப்பி விட்டான்னா என் பொழப்பு போச்சு. யாரு கேட்டாலும் மலபார்ல சொந்தக்காரங்க வீட்ல இருந்தேன்னு சொல்லிடு. அதுக்கு மேல வாயைத் திறக்காத."

அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்? வீட்டில் தாய் அவளோடு பேசுவதில்லை. அண்ணன் மனைவி, மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரத்தில் இது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். அதற்கு மாதாமாதம் கொடுத்தாக வேண்டும்.

அவள் ஏன் வெளியே வந்தாள் என்று அவளுடைய சொந்த ஊர் தலையைப் பிய்த்துக்கொண்டது. ஒரு ஆண் இருக்கவேண்டும் என்று தேடியது. அப்படி யாரும் இல்லை. மேலிடத்தோடு சண்டை என்றது. அதுவும் இல்லை. விடியற்காலைப் பூசை, பிள்ளைகள், பாட்டு, பள்ளிக்கூட அலுவலகத்துக் கணக்கு என்று பல வருஷம் அவள் சந்தோஷமாகத் தான் இருந்தாள். பிறகு ஒரு காலம் வந்தது. முழந்தாளிட்டால் வாயிலிருந்து ஜெபம் வரும். கேட்பதற்கு எதிரில் யாரும் இருப்பதாகத் தோன்றாது. சரியாகிவிடும் என்று காத்திருந்தாள். தியானங்களுக்குப் போனாள். மலபாருக்கு மாற்றல் கேட்டு மானந்தவாடி மடத்தில் மூன்று வருஷம் இருந்து பார்த்தாள். சரியாகவில்லை. பொய்யாக நிற்க மனமில்லாமல், துறவு வாக்கிலிருந்து விலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அனுமதி வருவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கேட்கும்போதெல்லாம் வந்த பதில் "பார்க்கலாம்".

அந்த மனுஷி தான் இப்போது முதல் நாள் வேலையில் காலையிலிருந்து பொய் சொல்ல வேண்டியிருந்தது.

சாயா வந்ததும் சரசம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவள். பெரிய உடம்பு, பெரிய பொட்டு. எந்த வண்டி எந்த வளைவில் யார் மேல் மோதியது என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள். அவள் விசாரிப்பது வம்புக்காக அல்ல. பக்கத்து நாற்காலியில் இருப்பவளைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு வேலை ஓடாது.

"கல்யாணம்?"

"இல்ல, சேச்சி."

"இத்தனை நாள் எங்க இருந்தே?"

"மலபார்ல. மானந்தவாடில."

ஷிஜு சட்டென்று தலை தூக்கினான். "மானந்தவாடில எங்க? எங்க அத்தை வீடு அங்க தானே. புழைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

மானந்தவாடியில் மடம், பள்ளிக்கூடம், தேவாலயம் மூன்றையும் தவிர கொச்சுராணிக்கு ஒன்றும் தெரியாது. மூன்றும் ஒரே மதிலுக்குள் இருந்தன. ஆற்றைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கம் என்றாள். இந்தப் பக்கம் என்றால் சினிமாக் கொட்டகைக்கு மேலேயா கீழேயா என்று அவன் கேட்டான். மேலே என்றாள். மேலே காடு அல்லவா, வீடு ஏது என்றான்.

"நான் ரொம்ப வெளிய போனதில்ல" என்றாள்.

"இத்தனை வருஷமுமா?"

"வெளிய போறதுன்னா கேட்டுட்டுத் தான் போகணும்."

"யார்ட்ட?"

கொச்சுராணியின் கை தானாகத் தலைக்குப் போனது. சரிந்த முக்காட்டை இழுத்து விடுகிற பழக்கம். அங்கே முக்காடு இல்லை, தோள் வரைக்கும் மட்டுமே வளர்ந்திருந்த முடி தான் இருந்தது. கையைக் கீழே இறக்கினாள். சரசம்மாவும் ஷிஜுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் கவனித்தாள்.

அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் இடறியது. கணினியில் வண்டி எண்களை ஏற்றுவது சுலபமாகத் தான் இருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் செய்த வேலை தான். ஆனால் தொலைபேசி மணி அடித்தபோது ஷிஜு அச்சு எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், சரசம்மா கை காட்டினாள், கொச்சுராணி எடுத்தாள். எடுத்ததும் வாய் தன் பாட்டுக்கு, மடத்தில் யேசுவைப் புகழ்ந்து சொல்கிற வணக்கமாக, "ஈசோவுக்கு ஸ்துதி" என்று சொல்லிவிட்டது. மறுமுனையில் லாரி முதலாளி மீரான். அவர், இது குரியாச்சன் அலுவலகமா இல்லை தேவாலயத்து எண்ணா என்று கேட்டார். ஷிஜுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொச்சுராணிக்குக் காது மடலெல்லாம் சுட்டது. விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து சரசம்மாவின் மேசை முன் கைகட்டி நின்றாள்.

"என்ன மோளே?"

"பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வரட்டுமா, சேச்சி?"

சரசம்மா வாயைத் திறந்து மூடினாள். பிறகு மெதுவாக, "போ. அதுக்கெல்லாம் இங்க யாரும் அனுமதி தர்றதில்ல" என்றாள்.

மத்தியானம் மூவரும் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே பருவத்தின் தொடக்கமான இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டிருந்தது. சரசம்மா புளிசேரியும் பயறும் கொண்டுவந்திருந்தாள். ஷிஜு பொதியைப் பிரித்ததும் மத்திக்குழம்பு மணம் அறையை நிறைத்தது. கொச்சுராணி விடுதியில் கட்டிக் கொடுத்ததைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்ற இருவரும் கை வைக்கும் வரை காத்திருந்தாள். பிறகு குனிந்த தலை நிமிராமல், ஒரு வார்த்தை பேசாமல், கிடுகிடுவென்று சாப்பிட்டு முடித்தாள். சரசம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது அவள் மனதில் ஏறவில்லை. முடித்ததும் எழுந்து, மற்றவர்கள் தின்றுகொண்டிருக்கும்போதே மேசையைத் துடைத்தாள், தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்பினாள், சரசம்மாவின் காலியான டப்பா மூடியை எடுத்துக் கழுவப் போனாள்.

தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேல் ஷிஜுவின் குரல் கேட்டது. தாழ்த்திப் பேசுவதாக அவன் நினைத்திருக்க வேண்டும்.

"சேச்சி, நான் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க. ஜெயில்."

"சும்மா இருடா."

"எங்க மாமா வார்டரு. நான் எத்தனை கதை கேட்டிருக்கேன். வெளிய வந்தவங்க இப்படித் தான் இருப்பாங்களாம். வேகமா சாப்பிடுவாங்க, பேசமாட்டாங்க. ஒண்ணுக்குப் போகக் கேப்பாங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டா புரியாது, அங்க நம்பர் தானே. முடியைப் பாத்தீங்களா? அங்க வச்சுத் தான் வேதமும் சொல்லிக் குடுப்பாங்க. ஈசோவுக்கு ஸ்துதின்னாங்களே."

"அப்படி இருந்தா குரியாச்சன் சார் எடுப்பாரா?"

"சார் என்ன சொன்னாரு? பழைய கதை எதுவும் தோண்டாதீங்கன்னாரா இல்லையா? எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

சரசம்மா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் தான் கொச்சுராணியைச் சுட்டது. குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவர்கள் சொன்னதில் ஒன்றாவது தவறாக இருந்தால் கோபப்படலாம். வேகமாகச் சாப்பிட்டது உண்மை. பேசாததும் உண்மை. பெயருக்குத் திரும்பாததும் உண்மை.

அவள் கழுவிய பாத்திரங்களோடு திரும்பி வந்தபோது, காலையிலிருந்து நாற்காலி முதுகில் தொங்கிய சரசம்மாவின் கைப்பை அங்கே இல்லை. சரசம்மா இரும்பு அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். திரும்பியவள் கொச்சுராணியைக் கண்டதும் சாவிக்கொத்தைச் சேலை மடிப்பில் சொருகிக்கொண்டு, மழைச் சாரல் அடிக்கிறது, பை நனைந்துவிடும் என்றாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

கொச்சுராணி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். விரல்கள் எண்களைத் தட்டின. மனம் அதில் இல்லை. திருடி என்று நினைக்கிறார்கள், அல்லது அதைவிட மோசமாக. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். சொன்னால் வேலை போய்விடும். மாலை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் இன்று ஒரு நாள் ஓடும். நாளைக்கு? நாளை மறுநாள்? சரசம்மா தினமும் அலமாரியைப் பூட்டுவாள், தினமும் ஜன்னல் சாத்தியிருக்கும்.

அப்போது தான் கீழே ஒரு ஜீப் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கதவு திறந்து, கறுப்புக் குடை விரிந்தது. குடைக்குக் கீழே தவிட்டு நிற அங்கியின் விளிம்பு தெரிந்தது. அவளுடைய சபையின் அங்கி. போன வருஷம் வரை அவள் போட்டிருந்தது.

எழுந்துவிட்டாள். பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம் என்று ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் மரப்படியில் காலடி கேட்டது. ஒரு காலை அழுத்தி வைத்து, மறு காலை இழுத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகு அடுத்த படி. அந்த நடையை அவளுக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டவளின் நடை. அன்றைக்கு அவளைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியது கொச்சுராணி தான்.

பிரிசில்லா வாசலில் வந்து நின்று குடையை உதறினாள். இருவரும் ஒன்றாக மடத்தில் சேர்ந்தவர்கள், ஒரே நாளில் முக்காடு வாங்கியவர்கள். இப்போது பிரிசில்லா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பார்வை கொச்சுராணியின் மேல் விழுந்தது, முகத்தில், முடியில், பூப்போட்ட சுடிதாரில். அங்கேயே நின்றது.

சரசம்மாவின் எதிரில், இழப்பீடு கேட்டு முன்பே வந்திருந்த ஒரு ஜீப்காரர் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சரசம்மா பிரிசில்லாவைப் பார்த்து மரியாதையாக எழுந்து, "வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்றாள். பிறகு திரும்பாமலே, "கொச்சுராணி, சிஸ்டரைக் கொஞ்சம் கவனி" என்றாள்.

பிரிசில்லா மெதுவாக வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"புதுசா வந்தவங்களா?" என்று கேட்டாள். முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற குரல்.

காப்பாற்றுகிறாளா, கைகழுவுகிறாளா, கொச்சுராணிக்குத் தெரியவில்லை. "ஆமா, சிஸ்டர். இன்னைக்குத் தான்" என்றாள்.

மூலமற்றம் போகும் வழியில் பள்ளிக்கூட பஸ் பாறையில் உரசிவிட்டது. பிள்ளைகள் யாரும் வண்டியில் இல்லை. ஒரு பக்கம் முழுக்க நசுங்கிவிட்டது. பள்ளி திறப்பதற்குள் சரி செய்தாக வேண்டும். பிரிசில்லா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொச்சுராணி ஒவ்வொன்றாக எழுதினாள். ஓட்டுநரின் உரிமம் எங்கே, போலீசுக்குத் தெரிவித்தீர்களா, படம் எடுத்தீர்களா. ஆமாம் சிஸ்டர், இல்லை சிஸ்டர், இங்கே ஒரு கையெழுத்து சிஸ்டர். பிரிசில்லா பேனாவை வாங்கினாள்.

கையெழுத்துப் போட்டு முடித்தும் பிரிசில்லா எழுந்திருக்கவில்லை.

"தங்கறது எங்க?" என்று கேட்டாள்.

"ஹாஸ்டல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"சாப்பாடு எப்படி?"

"பரவால்ல."

"அம்மாகிட்ட பேசினியா?"

கேட்டுவிட்ட பிறகு தான் பிரிசில்லாவுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. ஜீப்காரர் அந்த நேரம் பார்த்துப் பேச்சை நிறுத்தியிருந்தார். சரசம்மாவின் பேனா காகிதத்தில் நின்றுவிட்டது. அச்சு எந்திரத்தின் பக்கத்தில் ஷிஜு கையில் காகிதத்தோடு அப்படியே இருந்தான். புதிதாகப் பார்த்த ஆளிடம் யாரும் கேட்கிற கேள்வி அல்ல அது. அதுவும் ஒருமையில்.

வேறு ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம். ஊர்க்காரி, சின்ன வயதில் பழக்கம் என்று ஒரு பொய் போதும். கொச்சுராணியின் நாக்கு வரை வந்தது அது. காலையிலிருந்து சொன்ன பொய்களெல்லாம் வாயில் கசந்தன.

"பேசல" என்றாள். "நீ பாத்தியா பிரிசில்லா?"

"போன வாரம் லீவுல உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவைப் பாத்தேன்." பிரிசில்லா மேசையைப் பார்த்தே பேசினாள். "கோபம் தீரல. உன் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க. ஆனா நான் கிளம்பறப்போ படி வரைக்கும் வந்தாங்க. அவ எங்க சாப்பிடுறான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னேன்."

"இப்போ தெரிஞ்சிடுச்சில்ல."

"சொல்றேன்." காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். "போறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் நீ."

"சொல்ல விட்டிருக்க மாட்டாங்க. சொல்லிருந்தா நீ அழுதிருப்ப. அப்புறம் நான் போயிருக்க மாட்டேன்."

பிரிசில்லா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு எழுந்தாள். சரசம்மாவிடம் தலையசைத்து விடைபெற்றாள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்து, கீழ்ப்படி வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜீப் கிளம்பியது.

கொச்சுராணி எழுந்து நின்றாள். காலையிலிருந்து முதல் தடவையாக யாரும் கூப்பிடாமல், யாரிடமும் கேட்காமல் நின்றாள்.

"நான் மடத்துல இருந்தேன், சேச்சி. இருபது வருஷத்துக்கு மேல. கன்னியாஸ்திரியா. போன வருஷம் விட்டுட்டு வந்தேன். ஜெயில் இல்ல."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் ஷிஜுவின் கையிலிருந்த காகிதங்கள் தரையில் சிதறின. குனிந்து பொறுக்கத் தொடங்கியவன், பொறுக்கி முடித்த பிறகும் மேசைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தான். ஜீப்காரர் தன் காகிதத்தை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லி நழுவினார்.

சரசம்மா எழுந்தாள். அலமாரியைத் திறந்தாள். பையை வெளியே எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன நினைச்சேன்னு கேக்காத மோளே."

"கேக்க வேண்டாம். குழாய்ச் சத்தத்துலயும் கேட்டுது."

"என் புத்தி அப்படிப் போயிடுச்சு."

"நானே இல்லாததெல்லாம் சொல்லிட்டிருந்தேன். நீங்க வேற என்ன நினைப்பீங்க?"

இருவரும் அவரவர் மேசைக்குத் திரும்பினார்கள். சமாதானம் என்று சொல்ல முடியாது. சரசம்மாவுக்கு வெட்கம், கொச்சுராணிக்கு வலி. இரண்டும் ஒரே நாளில் ஆறுகிற காரியமல்ல. பயம் வேறு அப்படியே இருந்தது. வண்டிகளைச் சோதனைக்குக் கொண்டுபோயிருந்த குரியாச்சன் சாயங்காலம் தான் வருவார். அவர் வரும் வரை கொச்சுராணி எண்களைத் தட்டிக்கொண்டே இருந்தாள். செய்து முடித்ததை வரிவரியாக மறுபடி சரிபார்த்தாள். போகச் சொன்னாலும் செய்த வேலையில் பிசகு இருக்கக்கூடாது என்று ஒரு வீம்பு.

குரியாச்சன் நனைந்த சட்டையோடு வந்தார். சேதி அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஜீப்காரர் ஸ்டாண்டில் பார்த்துச் சொல்லிவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"நான் சொன்னது ஒரே ஒரு காரியம், கொச்சே."

"ஆமா, சார்."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியலையா?"

"மூடிட்டுத் தான் இருந்தேன். அதனால நான் ஜெயில்ல இருந்து வந்தவன்னு நினைச்சிட்டாங்க. சேச்சி பையைப் பூட்டி வச்சாங்க."

குரியாச்சன் தடுப்புக்கு வெளியே பார்த்தார். சரசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகத்தில் சிரிப்பு போல ஏதோ ஒன்று வந்து, வந்த வேகத்தில் மறைந்தது. நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

பிரிசில்லா சிஸ்டர் நல்லவர், அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார். ஆனால் ஜீப்காரர் ஸ்டாண்டு முழுக்கச் சொல்வார், நாளை காலைக்குள் எல்லாப் பங்கு வீட்டுக்கும் சேதி போய்விடும், யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கடவுளுக்குத் தான் வெளிச்சம் என்றார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "சரி, நாளைக்கு வா. மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

கொச்சுராணி போகவில்லை.

"இப்பவே சொல்லிடுங்க, சார்."

"என்னத்த?"

"வேலை உண்டா, இல்லையான்னு. 'பாக்கலாம்' வேண்டாம். ரெண்டு வருஷம் அதை மட்டுமே கேட்டுட்டிருந்தேன். தினமும் எந்திரிக்கிறப்போ இன்னைக்கு என்ன சொல்வாங்களோன்னு. இனி முடியாது. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். வேற தேடிக்கிறேன்."

அப்படிப் பேசி அவளுக்கே பழக்கமில்லை. குரியாச்சன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அண்ணனோடு பள்ளிக்கூடம் போகும்போது பின்னாலேயே ஓடிவந்த சின்னப் பெண் தான் அதுவரை அவர் கண்ணில் இருந்திருக்க வேண்டும். கீழே ஸ்டாண்டில் பஸ்காரன் மூவாற்றுப்புழை, மூவாற்றுப்புழை என்று கூவிக்கொண்டிருந்தான்.

"சார்" என்று வெளியிலிருந்து சரசம்மாவின் குரல் வந்தது. எழுந்து தடுப்பின் வாசல் வரை வந்திருந்தாள். "இன்னைக்கு இவ ஏத்தினதை நான் பாத்தேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பிள்ளையை அனுப்பறதா இருந்தா, என்ன காரணம்னு வர்றவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அதையும் யோசிச்சுக்குங்க."

"நீயும் மிரட்டறியா?"

"மிரட்டல. சொல்றேன்."

குரியாச்சன் ஈரச் சட்டையின் பொத்தானைத் திருகினார். பிறகு, "உண்டு" என்றார். "வேலை உண்டு. போ. மழை விட்டிருக்கு, கிளம்பு."

வேலை நிலைத்தது என்று நம்ப அவளுக்கு அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று. படியில் வெள்ளை அங்கியோ தவிட்டு அங்கியோ ஏறி வரும்போதெல்லாம் அவள் விரல் எண்களின் மேல் நின்றுவிட்டது. சிலர் அவளைப் பார்த்ததும் சரசம்மாவின் மேசைக்குப் போனார்கள். சிலர் வேண்டுமென்றே அவளிடமே வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். ஷிஜு மூன்று நாள் அவளிடம் பேசவே பயந்தான். நான்காம் நாள் தன் பொதியிலிருந்து வறுத்த மத்தி ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, மாமா இனி ஜெயில் கதை சொன்னால் கேட்பதில்லை என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னான். மறு வருஷம் அவன் துபாய் போய்விட்டான்.

மறு வருஷம் தான் அது நடந்தது. வழக்கமாக மே மாதத்தில் வந்து காப்பீட்டைப் புதுப்பிக்கிற ஒரு பெரிய பள்ளிக்கூடம் அந்தத் தடவை வரவில்லை. கொச்சுராணியே கூப்பிட்டு நினைவூட்டினாள். இந்த வருஷம் வேறு இடத்தில் எடுத்துவிட்டோம் என்று அங்கிருந்தவர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. அவள் எழுந்து குரியாச்சனிடம் போனாள். இப்போதெல்லாம் எதிரில் நாற்காலி இருந்தால் உட்காரப் பழகியிருந்தாள்.

"என்னாலயா, சார்?"

குரியாச்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லை என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"ஆமான்னு தான் நினைக்கிறேன்" என்றார். "அதுக்கு இப்போ என்ன பண்றது? மீரான் ரெண்டு புது லாரி எடுத்திருக்கான். அவனைக் கூப்பிட்டுப் பேசு, வேற எவனாவது பிடிக்கிறதுக்குள்ள."

அவள் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.